பெரணி வீட்டில் நடுச்சுவர்

முதலில் இரண்டு அறை வைத்துத்தான் கட்டினாள் கோபிகா. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். காட்டுக்குள்ளே, மழை விட்டும் விடாமலும் தூறுகிற சாயங்காலத்தில், கம்பும் பெரணியும் பைன் சருகும் வைத்து ஒரு பொந்து கட்டவே நாக்குத் தள்ளும்போது அவள் நடுவில் ஒரு சுவர் வைத்தாள். அந்தப் பக்கம் மாமா, இந்தப் பக்கம் அவள். மாமா என்றால் மாமனார், புருஷனைப் பெற்றவர், சடையாண்டி. அவர் கொஞ்சம் தள்ளி ஒரு பைன் மரத்தில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். வலது கணுக்கால் வீங்கிப்போய், வேட்டி சட்டை துண்டு எல்லாம் ஓடைத் தண்ணீர் சொட்ட. மாட்டைத் தேடி வந்தவர்கள். சினைமாடு, கன்று போடுகிற நாளில் கயிற்றை அறுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது. புருஷன் அருள்பாண்டி கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரத்துக்கு வேன் ஓட்டிப் போயிருந்தான், மாமியாருக்கு முட்டி வலி, பிறகு மாமாவோடு யார் போவது, இவள்தான். அவர் முன்னால் நடந்தார், இவள் நாலு ஆள் இடைவெளி விட்டுப் பின்னால் நடந்தாள், மாடு கிடைக்கவில்லை, மூட்டம் இறங்கிவிட்டது, ஓடையில் பாசிக்கல் வழுக்கி அவர் விழுந்தார். விழுந்தவர் தண்ணீருக்குள் எழுந்திரிக்க முடியாமல் கையை ஊன்றி ஊன்றிப் பார்த்தபோது அவள் கரையில் நின்று கம்பு தேடினாள். கையைக் கொடுக்கவில்லை. கம்பைக் கொடுத்தாள். கம்பு கிடைக்க நேரமாயிற்று. கையைக் கொடுத்திருந்தால் இவ்வளவு நேரம் தண்ணீரில் கிடந்திருக்க மாட்டாரோ என்னவோ. ஆனால் மாமனார் கையை எப்படிப் பிடிப்பது, யாராவது பிடிப்பார்களா, அவரே பிடித்திருப்பாரா, தெரியவில்லை. கல்யாணமாகி வந்த இத்தனை நாளில் அவர் அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபமெல்லாம் இல்லை. அந்த வீட்டு முறை அப்படி. வீட்டில் ஆள் இருந்தால் ஆள் வழியாகப் பேசுவார், "டேய், அந்தப் பிள்ளைய சாப்பிடச் சொல்லு." ஆள் இல்லாவிட்டால் மாட்டிடம் சொல்லுவார், கதவிடம் சொல்லுவார். இப்போது மரத்திடம் சொன்னார். "மழை வலுக்குது. அந்தப் பிள்ளைய ஊரப்பாத்து ஓடச் சொல்லு." மரம் ஒன்றும் சொல்லவில்லை. கோபிகாவும் அந்த மரத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். "எந்தப் பக்கம் ஊருன்னே தெரியல மாமா. போன்ல டவரும் இல்ல. அவரு வண்டிய விட்டுட்டு வந்ததும் தேடி வருவாங்க. அதுவரைக்கும் ஒதுங்க ஒரு எடம் பண்றேன்." அவர் மரத்திடம் நெருப்புப்பெட்டி என்றார். "ஒங்க மடியிலதான மாமா இருந்துச்சு. கஞ்சியாப் போச்சு." அவர் மரத்துக்குத் தலையாட்டினார்.

இப்படி வீடு கட்டத் தெரியும் என்றுதான் நினைத்தாள். தெரியாது என்பது கட்ட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. பத்தாவது பரீட்சை எழுதாமல் நின்ற பிறகு கல்யாணம் வரைக்கும் ஒரு டென்ட் கேம்ப்பில் வேலை செய்தாள், பெருக்குவது, பாத்திரம் கழுவுவது. கம்பெனிக்காரர்கள் பஸ்ஸில் வருவார்கள். விசில் கட்டிய ஒரு சார் அவர்களுக்குக் காட்டில் உயிர் பிழைப்பது எப்படி என்று வகுப்பு எடுப்பார். அவர்கள் இலையும் கம்பும் வைத்து வீடு கட்டி, உள்ளே படுத்துப் போட்டோ எடுத்துவிட்டு ராத்திரி ஹீட்டர் போட்ட ரூமில் போய்த் தூங்குவார்கள். மறுநாள் அதைப் பிரித்துக் குப்பையில் போடுவது கோபிகாவின் வேலை. பிரித்தவளுக்குக் கட்டத் தெரியுமா. கோழியைத் தின்றவனுக்கு முட்டை போடத் தெரியுமா. சார் என்ன சொன்னார். வாசல் காற்றைப் பார்த்து இருக்கணும் என்றாரா, இருக்கக் கூடாது என்றாரா. இருக்கக் கூடாது, அதுதானே நியாயம், ஆனால் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, இங்கே எல்லாப் பக்கமும் அடிக்கிறதே. கன்னத்தை நனைத்துக்கொண்டு நின்று பார்த்தாள், இரண்டு கன்னமும் ஒரே மாதிரிதான் விறைத்தது. சரி போ என்று கவட்டை பிரிந்த ஒரு சீகை மரத்தைப் பிடித்தாள். அரிவாளால் நீளமாக ஒரு கம்பை வெட்டி ஒரு முனையைக் கவட்டையில் ஏற்றினாள், மறுமுனை தரையில். அது முகடு. ரெண்டு பக்கமும் விலா எலும்பு மாதிரி குச்சிகளைச் சாய்த்தாள். மீன் முள் மாதிரி என்று சார் சொன்னது இப்போது ஞாபகம் வந்தது, மீன் என்றதும் பசித்தது, பசி வேறு. மேலே பெரணி, பெரணிக்கு மேலே சருகு, சருகுக்கு மேலே திரும்பப் பெரணி. பைன் மரத்தடியில் மேல் சருகு நனைந்திருந்தாலும் கையை விட்டு அள்ளினால் அடியில் காய்ந்ததாக வந்தது, அது ஒன்றுதான் அன்றைக்கு நடந்த நல்லது. உரச்சாக்கை மடித்துத் தலைவழியே கொங்காணி போட்டிருந்ததால் அவள் உடம்பு அவ்வளவாக நனையவில்லை, சாக்கில் யூரியா வாடை, பைன் சருகில் டர்பன்டைன் வாடை, கை நகத்துக்குள் மண், விரலிடுக்கில் அட்டை. ஒரு அட்டையைப் பிய்த்து எறிந்தபோதுதான் சார் சொன்ன இன்னொன்று வந்தது. வீடு சின்னதாக இருக்கணும், சவப்பெட்டி அளவுக்கு இருக்கணும், அடுப்பு வேற யாருமில்ல, நீங்கதான் அடுப்பு. அட மூதேவி, சவப்பெட்டி என்றா சொல்லுவான், கம்பெனிக்காரர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சின்னதாக இருக்கணும். சின்னதாக இருந்தால் எப்படி. இரண்டு பேர் இருக்கிறோம். இரண்டு பேர் என்றால் யார் இரண்டு பேர். அதனால் முகட்டை உயர்த்தினாள், குச்சிகளை அகலமாகச் சாய்த்தாள், முகட்டுக்கு நேர் கீழே ஒரு வரிசைக் குச்சி நட்டு அதில் பெரணியை நெருக்கமாகச் செருகினாள். நல்ல பெரணியெல்லாம் அந்தச் சுவருக்கே போனது. தரைக்குப் போட மிச்சம் கொஞ்சம்தான். சுவர் மட்டும் அழகாக வந்தது. அருள்பாண்டி பார்த்தால் பரவாயில்லையே என்பான். ஊர்க்காரர்கள் பார்த்தாலும் சரி, பாருங்கள், நடுவில் சுவர் இருக்கிறது, பிறகு என்ன. அம்மா கல்யாணத்துக்கு முதல்நாள் ராத்திரி தலை சீவிவிட்டுக்கொண்டே சொன்னாள், மாமனார் எதிர்ல உக்காராத, அவரு இருக்கிற ரூம்ல தனியா நிக்காத, ஊரு வாய் சாக்கடை வாய். ஏன் என்று கேட்டதற்குச் சீப்பால் மண்டையில் ஒரு தட்டு. ஏன் என்று இன்றுவரைக்கும் யாரும் சொல்லவில்லை, ஆனால் ஏன் என்று அவளுக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும், இதில் என்ன மூடுமந்திரம்.

"ஆச்சு மாமா, உள்ள போங்க" என்று மரத்திடம் சொன்னாள். அவர் உட்கார்ந்தபடியே பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து தன் பக்கத்து அறைக்குள் போனார். அவள் தன் பக்கம் நுழைந்து கொங்காணியை வாசலுக்குக் கொடுத்தாள், பாதி வாசல்தான் மூடியது. படுத்தாள். தரை கீழேயிருந்து குளிரை ஊசி மாதிரி ஏற்றியது. இவ்வளவு பாடுபட்டுக் கட்டியும் குளிருகிறதே, எங்கே தப்பு, வாசலா, காற்றா, பெரணி ஈரமா. சுவருக்கு அந்தப் பக்கம் பல் தந்தியடித்தது. கடகடகட, நிற்கும், திரும்பக் கடகடகட. அதைக் கேட்டுக்கொண்டு கிடப்பது மேலே ஓட்டில் எலி ஓடுவதைக் கேட்பது மாதிரி இருந்தது, நிறுத்தினால் தேவலை என்று இருந்தது. அப்படி நினைத்ததற்கு அவளுக்கே ஒரு மாதிரியாக இருந்தது. மாடு எங்கே ஒதுங்கியதோ. கன்று போட்டிருக்குமோ. மாட்டுக்கு மாமனார் மாமியார் கிடையாது, நாலு மாடு ஒட்டி நின்று சூடு காயும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அருள்பாண்டி இந்நேரம் மலையேறிக்கொண்டிருப்பான், கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு, அவனுக்கென்ன. அவனிடம் ஒரு தடவை கேட்டாள், ஒங்கப்பாவுக்கு என்னயப் புடிக்கலயா. அவன் சொன்னான், லூசு, பேசாம இருந்தாத்தான் மதிப்பு. மதிப்பாம். மதிப்பு என்றால் ஒரு ஆள் விழுந்து கிடக்கும்போது கம்பு தேடுவதா. திரும்ப அந்தக் கம்பு. அதை நினைக்காமல் இருக்கலாம் என்று வேறெதையாவது நினைத்தால் அந்த வேறெதுவும் கம்பிடமே வந்து நிற்கிறது. பிறகு பல் தந்தி நின்றது. காதைக் கொடுத்துக் கேட்டாள். நின்றே விட்டது. அப்பாடா, வீடு வேலை செய்கிறது, சூடு பிடித்துவிட்டது. அப்படியென்றால் எனக்கு ஏன் இன்னும் குளிருகிறது. நான் காய்ந்த சட்டை, அவர் நனைந்த சட்டை, காய்ந்த எனக்குக் குளிருகிறது, நனைந்த அவருக்குக் குளிரவில்லை. வயசானவர்கள் உடம்பு உரமான உடம்பு, மலை உடம்பு. அப்படித்தான் இருக்கும். இல்லையென்றால்.

சுவருக்கு அந்தப் பக்கம் சரசரவென்று ஏதோ நகர்ந்தது. பெரணி இடுக்கு வழியாகப் பார்த்தாள். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பட்டன் பிடிபடாமல் பிய்த்து இழுத்தார். "வேகுது" என்றார், தெளிவில்லாமல், வாயில் வெற்றிலை அடக்கின மாதிரி. "புழுக்கமா வேகுது." துண்டைத் தூக்கி எறிந்தார், வேட்டி முடிச்சில் கை போயிற்று. கோபிகா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, கையால் துழாவி அரிவாளை எடுத்து வயிற்றோடு வைத்துக்கொண்டாள். அம்மா சொன்னது இதுதானா. ச்சீ, அந்த மனுஷன் அப்படியா, முகத்தைக்கூடப் பார்க்காத மனுஷன். முகத்தைப் பார்க்காதவர்கள் நல்லவர்கள் என்று யார் சொன்னது. வேகுது என்கிறாரே, என்ன வேகுது, இந்தக் குளிரில் எவனுக்கு வேகும், பொய்தானே அது, பொய் சொல்லித்தானே ஆரம்பிப்பார்கள். ஆனால் கால் ஊன்ற முடியாத ஆள். ஆனால் ஆம்பளை. ஆனால் சுவர் இருக்கிறது. அது பெரணிச் சுவர், ஊதினால் விழும். ஓடிவிடலாமா, எங்கே ஓட, எந்தப் பக்கம் ஊர் என்றே தெரியாது. மழை கூரையில் விழாமல் கூரைக்குள் ஊறுகிற சத்தம் கேட்டது. காட்டெருமை ஒன்று எங்கேயோ செருமியது. அப்போது அவர் பேசினார். "ஏத்தா" என்றார். கோபிகா கண்ணைத் திறந்து திரும்பினாள். "ஏத்தா, நீ யாரு வீட்டுப் பிள்ள? இங்கன ஏன் தனியாக் கெடக்க? ஒங்க வீட்ல தேட மாட்டாகளா?" மரத்திடம் இல்லை. மாட்டிடம் இல்லை. அவளிடம் கேட்டார். சுவர் இடுக்கு வழியாக அவள் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார், ஒரு சின்னப் பிள்ளையிடம் கேட்பது மாதிரி அக்கறையாகக் கேட்டார், அதுதான் அவளை முதுகுத்தண்டு வரைக்கும் குளிரவைத்தது. "நான் கோபிகா மாமா." "எந்தக் கோபிகா?" "ஒங்க மகன் பொஞ்சாதி." அவர் யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். "எனக்கு மகன் இருக்கானா" என்றார்.

அரிவாளைக் கீழே போட்டாள். கையைச் சுவருக்குள் விட்டு, எது கைக்கு வருகிறதோ அதைத் தொட்டாள், அது அவர் பாதம். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் இப்படித்தான் இருக்கும். மேலே முழங்கால், அதுவும் அப்படியே. நடுங்கவே இல்லை. நடுங்காதது நல்லதென்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தாளே, எவ்வளவு நேரம் படுத்திருந்தாள், மனுஷன் பக்கத்தில் விளக்கு மாதிரி அணைந்துகொண்டிருக்க அவள் சுவரின் அழகைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கேம்ப்பில் ஒரு தடவை மழையில் வழி தப்பி வந்த ஒருத்தன் இப்படித்தான் சட்டையைக் கழற்றினான், குடிச்சிருக்கான் என்று சமையல்காரர் சொன்னார், சார் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்து கம்பளியைப் போட்டுச் சுருட்டினார், குடி இல்ல, குளிரு மூளைக்கு ஏறிருச்சு என்றார். பார்த்தவள்தானே. கண்ணால் பார்த்தவள்தானே. அது ஏன் இவ்வளவு நேரம் வரவில்லை, அம்மாவும் சீப்பும் மட்டும் எப்படி முதலில் வந்தார்கள். யோசிக்க நேரமில்லை, யோசித்துக்கொண்டேதான் சுவரைப் பிடுங்கினாள். இரண்டு கையாலும் பிடுங்கினாள். பெரணியெல்லாம் தரைக்கு. காய்ந்த சருகை வாரி வாரித் தரைக்கு. முகட்டுக் கம்பைக் கவட்டையிலிருந்து இறக்கி இடுப்புக்கும் கீழே ஒரு கட்டையில் வைத்தாள், பாதிக் கூரை சரிந்தது, சரியட்டும், குச்சிகளைக் காலால் உள்பக்கம் தள்ளித் தள்ளி நெருக்கினாள், சரிந்ததையெல்லாம் திரும்ப மேலே அள்ளிப் போட்டாள். அவர் நனையாமல் கொங்காணியை அவர் மேல் போட்டிருந்தாள், அவர் அதையும் தள்ளிவிட்டார். "போடுங்க மாமா." "வேகுதுத்தா." "வேகட்டும், போடுங்க!" வாழ்க்கையில் அவரிடம் அவள் போட்ட முதல் அதட்டல். அவர் பயந்து போட்டுக்கொண்டார். பிறகு அவள் தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவர் தலைவழியாக மாட்டினாள், கை நுழையவில்லை, குழந்தைக்குப் போடுகிற மாதிரி உள்ளே கையை விட்டு அவர் விரலைப் பிடித்து இழுத்தாள், ஸ்வெட்டருக்குள் காய்ந்த சருகைத் திணித்தாள், நெஞ்சுப்பக்கம், முதுகுப்பக்கம், அக்குளில். கண்ணைத் திறந்துகொண்டுதான் செய்தாள். நரைத்த மயிர், ஒரு பழைய தழும்பு, சதையில்லாத விலா எலும்பு. இவ்வளவுதான் மாமனார் என்பது. அக்குளில் கை கொடுத்து இழுத்து உள்ளே போட்டாள், தானும் காலை முதலில் விட்டு நுழைந்தாள், கொங்காணிச் சாக்கில் சருகை அடைத்து வாசலில் இழுத்துத் திணித்தாள். உள்ளே புரள இடமில்லை. மூக்குக்கு ஒரு சாண் மேலே கூரை. அந்த சார் சொன்ன பெட்டி.

முதலில் முதுகோடு முதுகு ஒட்டித்தான் படுத்தாள். முதுகில் ஒரு சூடும் ஏறவில்லை, அவர் முதுகிலிருந்து குளிர்தான் இவளுக்குள் இறங்கியது. அடுப்பு நீதான். நான் என்ன அடுப்பு, என்னிடமே நெருப்பு இல்லையே. திரும்பினாள். திரும்பிப் படுத்து, முகத்தை அவர் பிடரியில் வைத்து, கையைச் சுற்றிப் போட்டுப் பிடித்துக்கொண்டாள். புகையிலை, மாட்டுச் சாணம், ஓடைச் சேறு. அருள்பாண்டி பிடரியிலும் வியர்வைக்கு அடியில் இதே மாதிரி ஒன்று அடிக்கும், அது நினைவுக்கு வந்ததும் ஐயோ இது என்ன நினைப்பு என்று பதறினாள், பதறியும் கையை எடுக்கவில்லை. செத்துவிட்டாரா. மூச்சு இருக்கிறதா. இருக்கிறது, இது என் மூச்சா அவர் மூச்சா. செத்துவிட்டால் என்ன சொல்வார்கள், செத்தவரைக் கட்டிப்பிடித்துக் கிடந்தாள் என்பார்கள். சாகாவிட்டாலும் கட்டிப்பிடித்துக் கிடந்தாள் என்பார்கள். மாமியார் என்ன சொல்வாள். அருள்பாண்டி ஒன்றும் சொல்லாமல் இருப்பான், அதுதான் பயம், அவனும் நாளையிலிருந்து கதவிடம் பேச ஆரம்பித்துவிட்டால். "பேசுங்க மாமா" என்றாள் பிடரிக்குள். "என்னத்தையாச்சும் பேசுங்க. மாடு பேரு என்ன." பதில் இல்லை. "மாடு பேரச் சொல்லுங்க. நான் கூப்பிட்டா வராது, நீங்க கூப்பிட்டாத்தான் வரும்." கையை இன்னும் இறுக்கினாள். நேரம் போனதா போகவில்லையா தெரியவில்லை, பெரணி இடுக்கில் வெளிச்சம் சாம்பல் நிறமாகி, சாம்பலிலும் கறுப்புச் சேர்ந்தது. தூக்கம் வந்தது, தூங்கினால் நானும் அணைந்துவிடுவேன் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு எங்கேயோ ஏதோ ஆடியது. கூரை ஆடுகிறதா. காற்றா. காட்டெருமை முட்டுகிறதா. இல்லை, அவர். அவர் தோளில் ஒரு நடுக்கம் ஓடி நின்றது. திரும்ப ஓடியது. பிறகு மொத்த உடம்பும் பிடித்துக்கொண்டு உதறியது, பழைய வேன் ஸ்டார்ட் ஆகிற மாதிரி, அவள் பல்லும் சேர்ந்து ஆடியது, கூரையிலிருந்து சருகு மூக்கில் கொட்டியது. கோபிகா சிரித்தாள். அழுதாளோ என்னவோ. "நடுங்குங்க மாமா, நல்லா நடுங்குங்க." "கு... குளிருது" என்றார் அவர். "ஆமா மாமா, குளிருதுதான்."

கூப்பிடுகிற சத்தம் கேட்டது அப்போதுதான். தூரத்தில், பல தொண்டைகள். "அப்பாவ்! ஏ கோபிகா!" அருள்பாண்டி குரல், அதற்குப் பின்னால் ஊர்க்காரர் குரல்கள், நாய் ஒன்று. வந்துவிட்டார்கள். இப்போது வெளியே போய்விடலாம். நாலு எட்டு வைத்து மரத்தடியில் நின்றுகொண்டால் போதும், மாமா உள்ள இருக்காரு, நான் வெளியில காவலுக்கு நின்னேன், முடிந்தது கதை, எந்த வாயும் திறக்காது. காலால் வாசல் சாக்கைத் தள்ளினாள். ஒரு ஓரம் திறந்ததும் குளிர் கத்தி மாதிரி நேராக உள்ளே வந்தது, அவர் முனகிக்கொண்டே அவள் கை போன பக்கம் நகர்ந்தார். விரல் அவள் சட்டைக் கையைப் பிடித்தது. தெரிந்து பிடித்தாரா தெரியாமல் பிடித்தாரா. இப்போது யாருக்கு என்ன தெரிய வேண்டியிருக்கிறது. அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள், சாக்கைத் திரும்ப அடைத்தாள், கையைப் பழைய இடத்தில் போட்டாள், அங்கிருந்தபடியே தொண்டை கிழியக் கத்தினாள். "இங்க! சீகமரத்துக்கிட்ட! இங்கதான் இருக்கோம்!" இருக்கோம் என்றுதான் கத்தினாள். காலடிகள் ஓடி வந்தன, நாய் மேலேறிக் கூரையைப் பிறாண்டியது, சாக்கு பிடுங்கப்பட்டு டார்ச் வெளிச்சம் கண்ணில் அடித்தது. வெளிச்சத்துக்குப் பின்னால் அருள்பாண்டி முகம், அவனுக்குப் பின்னால் இரண்டு மூன்று முகம். வெளிச்சம் அவள் கையில் நின்றது, அவள் கை கிடந்த இடத்தில் நின்றது, அவள் ஸ்வெட்டரைப் போட்டிருந்த அவன் அப்பாவின் கழுத்தில் நின்றது. பின்னால் ஒருத்தர் தொண்டையைச் செருமினார். அருள்பாண்டி வாயைத் திறந்தான், வாய் திறந்தபடியே நின்றது. கோபிகா கையை எடுக்கவில்லை.

"என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள். "குளிரு உள்ள வருது. ஒண்ணு, கம்பளியோட உள்ள வாங்க. இல்ல, அடைங்க."